ஓரம் கொதிக்கிறது, நடுவில் சில்லென்று இருக்கிறது: மைக்ரோவேவில் பவரையும் நேரத்தையும் சரியாக வைப்பது எப்படி?

பல வீட்டு மைக்ரோவேவ்களில் எழுத்து அழிந்துபோகும் அளவுக்குத் தேய்ந்திருக்கும் பொத்தான் ஒன்றுதான். 30 விநாடி கூட்டும் பொத்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதை ஒரு தடவை அழுத்துவோம், சூடு போதவில்லை என்றால் இன்னொரு தடவை அழுத்துவோம். அந்தப் பொத்தான் பெரும்பாலான மாடல்களில் முழு பவரில்தான் ஓட்டும் என்பது பல வருடம் எங்களுக்குத் தெரியாது. பக்கத்திலேயே 'பவர்' என்று இன்னொரு பொத்தான் இருந்தது. வாங்கிய நாளில் இருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. கீழே வரும் கோளாறுகளில் சில அந்தப் பொத்தானைத் தொட்டாலே சரியாகிவிடும்.

கோளாறுகளுக்குப் போகும் முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். இவை புரிந்தால் மீதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலாவது: மைக்ரோவேவ் உணவை உள்ளே இருந்து வெளியே சூடாக்குகிறது என்று பலர் சொல்வார்கள். அது தவறு. அலை உணவின் மேற்பரப்பில் இருந்து ஏறத்தாழ 1 முதல் 3 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் வலுவாகப் போகும். உப்பு கூடினால் அந்த ஆழம் இன்னும் குறையும். அதற்கும் உள்ளே இருக்கும் உணவு, ஓரத்தில் ஏறிய சூடு மெல்ல நகர்ந்து வந்தால்தான் சூடாகும். அந்த நகர்வுக்கு நேரம் வேண்டும்.

இரண்டாவது: காஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தால் தீ சின்னதாக, விடாமல் எரியும். சாதாரண மைக்ரோவேவின் பவர் அப்படிக் குறைவதில்லை. அலையை உண்டாக்கும் மேக்னெட்ரான் என்ற பாகம் ஒன்று முழுதாக ஓடும், இல்லை நிற்கும். 50 சதவீதம் வைத்தால், 30 விநாடி சுற்றில் சுமார் 15 விநாடி ஓடிவிட்டு 15 விநாடி சும்மா இருக்கும். தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், விளக்கு எரியும், அலை மட்டும் வராது. காதைக் கொடுத்துக் கேட்டால் உறுமல் கூடுவதும் அடங்குவதும் தெரியும். மிஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது இயல்பான சத்தம். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் சூடு நடுவுக்குப் போய்ச் சேர்கிறது.

இன்வர்ட்டர் தொழில்நுட்பம் உள்ள மைக்ரோவேவ்கள் மட்டும் அலையின் பலத்தையே குறைத்து, விடாமல் ஓட்டும். (மின்வெட்டுக்கு வீட்டில் வைக்கிற இன்வர்ட்டர் வேறு, இது வேறு.) வெண்ணெய், சாக்லேட் போன்றவற்றை உருக்கும்போது அந்த வகையில் வேலை நன்றாக இருக்கும். சோறு, குழம்பு சூடாக்குவதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இனி நான் சொல்லும் நேரங்கள் எல்லாம் 800 வாட் மைக்ரோவேவுக்கும், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த உணவுக்கும் பொருந்தும். உங்கள் மிஷினின் வாட் என்ன, அதற்கு ஏற்ப நேரத்தை எப்படி மாற்றுவது என்பதும் கீழே வருகிறது.

ஓரம் நாக்கைச் சுடுகிறது, நடுவில் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது

எல்லாரும் சொல்லும் புகார் இதுதான். பெரும்பாலும் சோற்றில் வரும். ஃப்ரிட்ஜில் இருந்த சோற்றைக் கிண்ணத்தில் கோபுரமாகக் குவித்து, முழு பவரில் 3 நிமிடம் வைத்திருப்பீர்கள். ஓரச் சோறு காய்ந்து விறைத்திருக்கும், குவியலின் நடுவில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

முதலில் உணவின் வடிவத்தை மாற்றுங்கள், பவருக்கு அப்புறம் வரலாம். குவிக்காமல் பரப்புங்கள். ஆழம் 3 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் விரல்களால் ஒரு குழி பறித்து, உளுந்து வடை வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். கடைசியாகச் சூடாவது நடுப்பகுதிதான். அங்கே உணவே இல்லை என்றால் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

சதுர டப்பாவை விட வட்டக் கிண்ணம் நல்லது. சதுரத்தின் மூலைகளில் அலை இரண்டு மூன்று பக்கங்களில் இருந்து ஒரே நேரத்தில் நுழையும். அதனால்தான் சதுர டப்பாவில் சூடாக்கிய சாம்பார் சாதம் நான்கு மூலைகளிலும் கெட்டியாகிப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது பவர். ஒரு கிண்ணம் சோறு, அதாவது 200 கிராம் அளவுக்கு, கட்டிகளை உதிர்த்து, 2 மேஜைக்கரண்டி தண்ணீர் தெளித்து, லேசாக மூடி, 70 சதவீதத்தில் 1½ நிமிடம் வையுங்கள். எடுத்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளிக் கிளறுங்கள். மறுபடியும் 1 நிமிடம். அப்புறம் மூடியைத் திறக்காமல் 1 நிமிடம் அப்படியே விடுங்கள்.

அந்தக் கடைசி 1 நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பிரியாணியைத் தம்மில் விட யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே தீ அணைந்த பிறகும் ஆவி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். மைக்ரோவேவில் இருந்து எடுத்த உணவுக்கும் அதே மரியாதை வேண்டும். மணி அடித்ததும் மூடியைத் திறந்தால் ஆவி போய்விடும், நடுப்பகுதி சூடாகாமலே நின்றுவிடும்.

இது ருசியோடு நிற்கும் விஷயமும் இல்லை. மீண்டும் சூடாக்கும் உணவு நடுப்பகுதி வரை 70 டிகிரியைத் தொட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓரம் கொதித்து நடு குளிர்ந்திருந்தால், அந்த நடுவில் கிருமிகள் உயிரோடு இருக்கும். சோற்றில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வடிக்கும் சூட்டையும் தாங்கும். சோறு வெளியிலேயே பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. அதனால் மதியம் வடித்த சோற்றை இரவு வரை மேடையில் விட்டுவிட்டு, மைக்ரோவேவ் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும்.

கிளற முடியாத டிபன் பாக்ஸ், ஆபீஸ் மைக்ரோவேவ், பின்னால் வரிசை

ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் 70 சதவீதம், தம், கிளறல் எல்லாம் நடக்காது என்று சொல்வீர்கள். நியாயம்தான். ஆனால் காலையில் டப்பாவை நிரப்பும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். உயரமான டப்பாவுக்குப் பதில் தட்டையானது. சோறு ஒரு டப்பாவில், கூட்டு இன்னொன்றில். ஒரே டப்பாதான் என்றால் கெட்டியானது, கனமானது ஓரத்தில். லேசானது, சீக்கிரம் சூடாவது நடுவில்.

அங்கே போனதும் டப்பாவைத் தட்டின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தட்டு சுற்றுவதே உணவு வெவ்வேறு இடங்களைக் கடந்து போக வேண்டும் என்பதற்காக. சரியாக நடுவில் வைத்த டப்பாவின் மையம் நின்ற இடத்திலேயே சுழலும். அங்கே அலை பலவீனமாக இருந்தால் கடைசி வரை பலவீனம்தான். மூடியின் பூட்டைத் தளர்த்தி, மேலே சாய்த்து வையுங்கள். முழு பவரில் 1 நிமிடம், ஒரு தடவை ஸ்பூனால் கிளறல், இன்னும் 40 விநாடி. உங்கள் இடத்துக்கு நடந்து போய் உட்காரும் நேரம் தம்முக்குப் போதும்.

எவர்சில்வர் டப்பாவை வைக்கவே கூடாது. உலோகத்துக்குள் அலை போகாது. மேலே திறந்திருக்கும் வாய் வழியாக மட்டும்தான் சூடு ஏறும். டப்பா உள்சுவரைத் தொட்டால் பொறி பறக்கும்.

எப்போதும் ஒரே பக்கம் மட்டும் சூடாகிறது

முதலில் தட்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். அடியில் இருக்கும் சக்கர வளையத்தில் பழைய குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தால் தட்டு சிக்கி நிற்கும். பெரிய சதுர டப்பாவின் மூலை சுவரில் இடித்தாலும் நிற்கும். பல சமயம் இவ்வளவுதான் கோளாறு.

தட்டு ஒழுங்காகச் சுற்றியும் அப்படி இருந்தால், உங்கள் மைக்ரோவேவுக்குள் அலை எங்கே வலுவாக விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். அதற்கு நம்ம ஊர் அப்பளம் போல வசதியான கருவி வேறில்லை.

கண்ணாடித் தட்டையும் அடிச் சக்கரத்தையும் வெளியே எடுங்கள். அந்த உயரத்துக்குச் சரியாக ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டையான அட்டை ஒன்றை வையுங்கள். அட்டை முழுக்க வறுக்காத அப்பளங்களை இடைவெளி இல்லாமல் பரப்புங்கள். முழு பவரில் ஓட்டிவிட்டு, கண்ணை எடுக்காமல் கதவு வழியாகப் பாருங்கள். 30, 40 விநாடிக்குள் சில இடங்கள் மட்டும் வெளுத்துப் பொரியும், பக்கத்திலேயே சில இடங்கள் அப்படியே பச்சையாகக் கிடக்கும். முதல் சில இடங்கள் பொரிந்ததும் நிறுத்திவிடுங்கள். விட்டால் கருகிப் புகையும், அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள்.

வீட்டு மைக்ரோவேவின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது, அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வலுத்த இடங்களுக்கு இடையே பொதுவாக 6 சென்டிமீட்டர் அளவுக்குத் தூரம் இருக்கும். பொரிந்த புள்ளிகளை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூப்பிட்டுக் காட்டுங்கள். இயற்பியல் புத்தகத்தில் வரும் நிலை அலையை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

பொரிந்த படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த இடத்தில் கிண்ணத்தை வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு மிஷினில் கதவோரம் பலவீனம், பின் இடது மூலை பலம். நாலைந்து இட்லிகளைத் தட்டின் விளிம்பை ஒட்டி வட்டமாக அடுக்கி, நடுவைக் காலியாக விட ஆரம்பித்த பிறகுதான் எல்லா இட்லியும் ஒரே மாதிரி சூடாகின்றன.

சாம்பார் தெறிக்கிறது, படபடவென்று வெடிக்கிறது

ரசம் தெறிக்காது, சாம்பார் தெறிக்கும். கவனித்திருக்கிறீர்களா? ரசம் நீர்த்தது, சூடான இடமும் ஆறிய இடமும் தானாகவே கலந்துகொள்ளும். பருப்புக் கெட்டியாக இருக்கும் சாம்பாரில் அந்தக் கலப்பு நடக்காது. உள்ளே ஓரிடத்தில் 100 டிகிரியைத் தொட்டு ஆவி உண்டாகும். மேலே கெட்டிப் படலம் வழிவிடாது. ஆவி அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது சுவரெல்லாம் மஞ்சள். கூட்டு, கடைசல், தக்காளித் தொக்கு எல்லாவற்றிலும் இதே கதைதான்.

கெட்டியாக இருந்தால் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரையுங்கள். பருப்பு அடியில் தங்கியிருக்கும், அதையும் சேர்த்துக் கலக்குங்கள். 250 மில்லி சாம்பாருக்கு 70 சதவீதத்தில் 1 நிமிடம், கிளறல், 1 நிமிடம், கிளறல், தேவைப்பட்டால் இன்னும் 30 விநாடி. கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மூடியை இறுக்கினால் அது இன்னொரு ஆபத்து, ஆவி போகச் சின்ன இடைவெளி வேண்டும்.

எண்ணெய் மிதக்கும் காரக்குழம்பு, மட்டன் குழம்பு என்றால் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், அதற்கு மேல் ஏறாது. எண்ணெய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. டப்பாவின் உட்பக்கத்தில், குழம்பின் மட்டத்தில் ஒரு சிவப்பு வளையம் விழுந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்குமே, அந்தச் சூட்டின் தழும்புதான் அது. கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இட்லி எடுக்கும்போது பஞ்சு, இரண்டு நிமிடத்தில் கல்

நேரம் கூடியதன் அடையாளம் இது. முழு பவரில் இட்லிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி ஓடிவிடும். மிச்சம் இருக்கும் மாவுச்சத்து ஆறும்போது இறுகிவிடும். ஆறிய பிறகு மறுபடியும் சூடாக்கினால் இன்னும் மோசமாகும். சப்பாத்தி, பன், பரோட்டா எல்லாவற்றுக்கும் இதே காரணம்தான்.

4 இட்லிக்கு: இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மூடி, 60 சதவீதத்தில் 1 நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் 30 விநாடி. துணியோடு 1 நிமிடம் விட்டுவிட்டு எடுங்கள். துணியில் ஜரிகை இருக்கக் கூடாது.

சப்பாத்திக்கு முழு பவரே சரி, ஆனால் 10 முதல் 15 விநாடிதான். ஈரத்துணியில் சுற்றி ஒன்றொன்றாக வையுங்கள். இங்கே பவரைக் குறைக்கச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண மிஷினில் 50 சதவீதம் என்பது 30 விநாடி சுற்று என்று மேலே பார்த்தோம். 10 விநாடி மட்டும் ஓட்டினால் சுற்றின் முதல் பாதி மட்டும் ஓடி, முழு பவர் சூடே கிடைக்கும். பவரைக் குறைப்பதற்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்றால் ஒரு முழுச் சுற்றாவது, அதாவது 30 விநாடியாவது ஓட வேண்டும்.

தோசையும் வடையும் தொய்ந்து போகின்றன

இதற்கு எந்தப் பவரும் எந்த நேரமும் உதவாது. மைக்ரோவேவுக்குள் உணவு சூடாகும், சுற்றியுள்ள காற்று சூடாகாது. உள்ளே இருந்து வரும் ஆவி மேல்பரப்பில் பட்டு ஈரமாகிறது. மொறுமொறுப்புக்கு மேல்பரப்பு காய வேண்டும். தோசைக்குக் கல், வடைக்கும் சமோசாவுக்கும் கன்வெக்ஷன் (சூடான காற்றைச் சுற்றவிடும் முறை) அல்லது ஏர் ஃபிரையர். வடை மிகவும் குளிர்ந்திருந்தால் மைக்ரோவேவில் 20 விநாடி வைத்து உள்சில்லிப்பை மட்டும் போக்கிவிட்டு, தோசைக்கல்லில் திருப்பிப் போட்டு எடுக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஃப்ரீசரில் இருந்த கோழி ஓரத்தில் வெந்துவிட்டது, நடுவில் இன்னும் ஐஸ்

உறைந்த ஐஸ் மைக்ரோவேவ் அலையை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். உருகிய தண்ணீர் பல மடங்கு அதிகம் உறிஞ்சும். எனவே ஓரத்தில் ஒரு சொட்டு உருகியதும் அந்த இடம் மொத்தச் சூட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மேலும் உருகுகிறது, மேலும் இழுக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஐஸ் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இதைத் தடுக்க ஒரே வழி, இடைவெளி விட்டுவிட்டுச் சூடாக்குவது. 30 சதவீதம். மிஷினில் டிஃப்ராஸ்ட் என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் இதே அளவுதான். அரை கிலோ கோழித் துண்டுகளுக்கு மொத்தம் 7, 8 நிமிடம் ஆகும். ஆனால் ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, திருப்பி, பிரிந்து வரும் துண்டுகளைப் பிரித்து, உருகியதை வெளியே எடுத்துவிடுங்கள். வடியும் நீரையும் கொட்டிவிடுங்கள், அது சூட்டைத் திருடும். நடுவில் கொஞ்சம் ஐஸ் இருக்கும்போதே நிறுத்தி 10 நிமிடம் விட்டால் மீதி தானே இளகும். அப்புறம் உடனே சமைத்துவிட வேண்டும். ஓரங்கள் வெதுவெதுப்பாகியிருக்கும், அதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துக் கிருமிக்கு விருந்து வைக்க வேண்டாம்.

மீன் துண்டின் வால்பகுதி மெல்லியது, அதுதான் முதலில் வேகும். மெல்லிய முனைகள் தட்டின் நடுப்பக்கமும், தடித்த பகுதிகள் வெளிப்பக்கமும் வரும்படி அடுக்குங்கள். துருவிய தேங்காய்க்கு 30 சதவீதத்தில் 1 நிமிடம் போதும். உறைந்த இட்லி மாவை மட்டும் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஓரத்தில் இட்லியாகவே வெந்துவிடும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

வீடியோவில் 2 நிமிடம் என்கிறார்கள், எனக்கு 3 நிமிடம் ஆகிறது

வாட் வித்தியாசம். வெளிநாட்டுச் செய்முறைகள் பலவும் 1000 வாட்டுக்கு எழுதப்பட்டவை. உங்களுடையது 700 வாட்டாக இருக்கலாம். கணக்கு எளிது: செய்முறை சொல்லும் நேரத்தை அதன் வாட்டால் பெருக்கி, உங்கள் வாட்டால் வகுங்கள். 2 நிமிடம், அதாவது 120 விநாடி, பெருக்கல் 1000, வகுத்தல் 700. ஏறத்தாழ 170 விநாடி வரும்.

மிஷினின் பின்பக்க லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண், 1200 போல, மின்சாரம் இழுக்கும் அளவு. சின்ன எண்தான் உணவுக்குப் போகும் அளவு. அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழைய மிஷின் என்றால் லேபிளையும் நம்பாமல் அளந்து பார்க்கலாம். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் சரியாக 1 லிட்டர் குழாய்த் தண்ணீர் எடுத்து, சமையல் தெர்மோமீட்டரால் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மோமீட்டர் இதற்கு ஆகாது. முழு பவரில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, எடுத்ததும் நன்றாகக் கலக்கி மறுபடியும் அளவுங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 35 ஆல் பெருக்கினால் வாட். 28இல் இருந்து 48க்கு ஏறினால் 20 டிகிரி, அதாவது 700 வாட். இந்த எண்ணைக் கதவில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் எல்லாருக்கும் பயன்படும்.

உணவின் அளவு இரட்டிப்பானால் நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் எடுத்த எடுப்பில் முழுதாகக் கூட்டாமல், முதலில் ஒன்றரை மடங்கு வைத்து, கிளறிப் பார்த்து மீதியைச் சேருங்கள்.

காலையில் சரியாகச் சூடாகிறது, இரவில் மட்டும் மந்தம்

உங்கள் தெருவின் வோல்டேஜைப் பாருங்கள். மிஷின் 230 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. கோடைக்கால இரவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது வோல்டேஜ் இறங்கினால், சாதாரண மைக்ரோவேவின் சூடும் இறங்கும். விளக்கும் தட்டும் வழக்கம்போலத் தெரிவதால் சந்தேகமே வராது. தண்ணீர்ச் சோதனையைக் காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை செய்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இரவு நேரத்துக்குக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து பாத்திரம் சூடாக்கும்போது கடைசிப் பாத்திரம் மந்தமாக இருந்தால், மேக்னெட்ரான் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். சில நிமிடம் ஓய்வு கொடுங்கள். பின்பக்கமும் மேலேயும் காற்றுப் போக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிண்ணத்தைத் தொட முடியவில்லை, உள்ளே உணவு ஆறிக் கிடக்கிறது

கிண்ணமே அலையைக் குடித்துவிடுகிறது. மெலமைன் தட்டு, ஈரம் ஊறிய மண்பாத்திரம், சில பீங்கான் கோப்பைகள் இப்படிச் செய்யும். சோதனை: காலிக் கிண்ணத்தையும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழு பவரில் 1 நிமிடம். தண்ணீர் சூடாகி, கிண்ணம் குளிர்ச்சியாக இருந்தால் நல்லது. கிண்ணம் சுட்டு, தண்ணீர் ஆறியிருந்தால் அதை மைக்ரோவேவுக்கு வைக்காதீர்கள். தங்க, வெள்ளிக் கோடு போட்ட பாத்திரத்தில் இந்தச் சோதனையே வேண்டாம், பொறி பறக்கும்.

தண்ணீர் அசையாமல் இருந்தது, காபிப் பொடி போட்டதும் பொங்கிக் கையில் கொட்டியது

இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். வழுவழுப்பான கோப்பையில் தண்ணீரை அதிக நேரம் சூடாக்கினால், குமிழி உண்டாக இடம் கிடைக்காமல் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். கையில் எடுத்துக் குலுங்கினாலோ, பொடியோ சர்க்கரையோ போட்டாலோ ஒரே நொடியில் பொங்கி எழும். ஒரு மரக்குச்சியைக் கோப்பைக்குள் போட்டுச் சூடாக்குங்கள், 1 நிமிடத்துக்கு ஒருமுறை கலக்குங்கள், மணி அடித்த பிறகு அரை நிமிடம் விட்டுவிட்டு எடுங்கள்.

பிரியாணி பார்சலில் இருக்கும் அவித்த முட்டையையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். முழு முட்டை மைக்ரோவேவுக்குள் வெடிக்காமல் வெளியே வந்தாலும், கடிக்கும்போது வாய்க்குள் வெடிக்கலாம்.

குழந்தைக்கான பாலை, தாய்ப்பாலோ பவுடர் பாலோ, மைக்ரோவேவில் சூடாக்கவே வேண்டாம். பாட்டில் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே ஓரிடத்தில் வாயைச் சுடும் அளவுக்குச் சூடு தேங்கியிருக்கலாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்திச் சூடாக்கும் பழைய முறைதான் சரி.

தட்டு சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, எதுவுமே சூடாகவில்லை

திரையில் என்ன முறை தெரிகிறது என்று முதலில் பாருங்கள். கன்வெக்ஷன் மாடல்களில் யாராவது முந்தின நாள் கேக் செய்துவிட்டு முறையை மாற்றாமல் விட்டிருக்கலாம். பவர் 10 சதவீதத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். உட்சுவரில் பொறி பறந்தால், பக்கச் சுவரில் இருக்கும் சாம்பல் நிற மைக்கா தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு கருகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் தகட்டை மாற்றும் வரை ஓட்டாதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர்ச் சோதனையில் 2 நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிகூட ஏறவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. வெளிக் கூட்டின் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். வரும் மெக்கானிக்கிடம் "சூடாகவில்லை" என்று மட்டும் சொல்லாமல், 1 லிட்டர் தண்ணீர் 2 நிமிடத்தில் எத்தனை டிகிரி ஏறியது, முன்பு எத்தனை ஏறியது, அப்போது வோல்டேஜ் என்ன என்ற மூன்றையும் சொல்லுங்கள். பழுது பார்த்து முடித்ததும் அவர் கிளம்பும் முன் அதே சோதனையை அவர் கண் முன்னாலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.